காரைக்காலில் மூன்றுக்கு இரண்டு

எங்கள் மில்லில் காரைக்காலைப் பார்த்தவர் வேன் டிரைவர் ஆறுமுகம் ஒருவர்தான். அது பாஸ்போர்ட் கேட்காத வெளிநாடு என்று அவர் சொல்லிக்கொண்டிருப்பார். செக்போஸ்ட் தாண்டினால் போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி, நம் பக்கம் மதுவிலக்கு என்றால் அந்தப் பக்கம் கடை திறந்தே இருக்கும், கிழவர்கள் டீக்கடையில் பிரெஞ்சு பேசுவார்கள் என்பார். எழுபதுகளின் கடைசியில் ஒரு மாசி மாதம், கால்பந்து ஆடுகிறவர்கள் பதினாறு பேரும் லேபர் ஆபீசர் ராமநாதனும் அந்த வெளிநாட்டுக்குப் புறப்பட்டோம்.

நாங்கள் கோயம்புத்தூர் பஞ்சாலை ஒன்றின் டீம். பதிவேட்டில் நான் நூல் கிடங்கு கிளார்க். ஆனால் எட்டு வருஷமாக எனக்குச் சம்பளம் வந்தது லெஃப்ட் பேக் ஆடியதற்கு. மற்ற தொழிலாளிகள் எங்களைப் பந்துக் கிளார்க் என்று கூப்பிடுவார்கள். பழைய முதலாளிக்குப் பந்தின் மேல் பிரியம், அதனால் யாரும் கேள்வி கேட்கவில்லை. அவர் போனபின் வந்த மேனேஜர் லீக் பட்டியலைப் பார்த்தார். நாங்கள் கடைசி இடத்தில் இருந்தோம்.

காரைக்காலில் ஒரு கல்லூரி அணி அந்த வருஷம் பல்கலைக்கழகக் கோப்பையை வாங்கியிருந்தது. அவர்கள் எங்களை ஒரு சிநேக ஆட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். மேனேஜர் எங்களை வரிசையாக நிற்க வைத்துப் பேசினார். படிக்கிற பையன்கள் சும்மா ஆடுகிறார்கள், அவர்களிடமே தோற்றால் உங்களுக்கு எதற்குச் சம்பளம், டீமைக் கலைத்து ஆளுக்கொரு மிஷினில் போட்டுவிடுவேன் என்றார். குரலை உயர்த்தவில்லை. ராமநாதன் கூட வந்து பார்த்து ரிப்போர்ட் எழுத வேண்டும் என்றும் சொன்னார்.

எனக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. மிஷினுக்குப் போனாலும் பிழைத்துக்கொள்வேன். எங்கள் கேப்டனும் கோல்கீப்பருமான பழனிசாமி அண்ணனுக்கு அப்படி இல்லை. டீமுக்கு வருவதற்கு முன் அவர் ப்ளோ ரூமில் வேலை பார்த்தவர். பஞ்சுப் பொதியை உடைத்துப் போடுகிற இடம் அது, பஞ்சுத் தூசி மூச்சில் ஏறும். இன்னொரு தடவை அங்கே போனால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

முதல் நாள் கோட்டுச்சேரிக்குப் பக்கத்தில் வேன் நின்றுவிட்டது. ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டது என்றார் ஆறுமுகம். ரோட்டின் பாதி அகலத்துக்கு நெல் காயப் போட்டிருந்தார்கள். கரும்பும் சோளமும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, ரோட்டையே களமாக்கி வைத்திருப்பது புதிதாக இருந்தது. நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்தி, வேனைத் தள்ளி ஓரங்கட்டக் கைகொடுத்தார்கள். அவர்களில் ஒரு அம்மா, "எந்த ஊருங்க? தண்ணி வேணுமா?" என்று கேட்டுச் செம்பு நிறையக் கொண்டுவந்தார். தண்ணீர் லேசாக உப்புக் கரித்தது. சிறுவாணித் தண்ணீர் குடித்துப் பழகிய நாங்கள் முகத்தில் காட்டாமல் குடித்தோம்.

டீக்கடையில் பெரியவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளை அரைக்கைச் சட்டை, மடிப்புக் கலையாத பேண்ட், கையில் சுருட்டு. எங்களைப் பார்த்துப் பார்த்துப் பிரெஞ்சில் பேசிக்கொண்டார்கள். டீ ஆற்றியவரிடம் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். அவர் முதலில் தயங்கினார்.

"ரெண்டு பேரும் சொல்தாங்க. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்குறவங்க. சம்பளம் வாங்கிகிட்டுப் பந்து உதைக்கிற ஆளுங்களுக்கு இவ்வளவு தொப்பை ஆகாதுன்னு பேசிக்கிறாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

பழனியண்ணன் வயிற்றைத் தடவிக்கொண்டு, பெரியவர் சொன்னதில் தப்பொன்றும் இல்லை என்றார். அந்த இருவரில் உயரமானவர்தான் எங்கள் ஆட்டத்துக்கு ரெஃப்ரி என்பது பிறகுதான் தெரிந்தது.

டவுன் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு ஊருக்குள் போய்ச் சேர்ந்தோம். கல்லூரி விடுதியில் மூன்று அறைகள் ஒதுக்கியிருந்தார்கள். ராத்திரிச் சோற்றுக்குக் கொடுவா மீன் குழம்பு. எங்கள் ஊரில் மீன் என்றால் குளத்து மீன்தான், ஐஸில் வைத்த கடல் மீனும் எப்போதாவது வரும். காலையில் பிடித்த மீன் இவ்வளவு இனிக்கும் என்று எனக்குத் தெரியாது. யாரும் வெளியே போகக்கூடாது என்று பழனியண்ணன் கட்டளை போட்டுவிட்டு, வாசலுக்குக் குறுக்கே கட்டிலை இழுத்துப் போட்டுப் படுத்தார். கடைகளைப் பற்றி ஆறுமுகம் சொன்னதை எல்லோரும் கேட்டிருந்தோமே.

இரண்டாம் நாள் காலை கல்லூரி அணியின் பயிற்சியைப் பார்க்கப் போனோம். கடற்கரை மணலில் ஓடிக்கொண்டிருந்தார்கள். மணலில் நடந்தாலே நமக்குக் கெண்டைச்சதை வலிக்கும், அவர்கள் பந்தோடு ஓடினார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஒருவன் திரும்பும்போதே பந்து வரும் இடத்தில் இன்னொருவன் இருந்தான். அவர்களில் ரைட் அவுட் ஆடுகிற பையனை நான் கவனித்தேன். லெஃப்ட் பேக் நான், ரைட் அவுட் அவன், ஆட்டம் முழுக்க அவனை நான்தான் பிடித்தாக வேண்டும். ஒல்லியாக, கொஞ்சம் கூன் போட்ட மாதிரி ஓடுவான். நின்ற இடத்திலிருந்து கிளம்பும் முதல் மூன்று அடி கண்ணுக்குத் தெரியவில்லை.

பழனியண்ணன் என் பக்கத்தில் நின்று நெடுநேரம் பார்த்தார்.

"செல்வராசு, இந்தப் பசங்களை நாம ஓடி ஜெயிக்க முடியாதுங்."

வேறு எதைச் செய்து ஜெயிக்கலாம் என்று அவர் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் இரண்டு அணிகளுக்கும் விருந்து. கல்லூரி அணிக் கேப்டனின் தகப்பனார், ஜவுளிக்கடை வைத்திருந்த மரைக்காயர், தன் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்திருந்தார். நெய்ச்சோறு, ஆட்டுக்கறி, தாள்ச்சா, கடைசியில் வட்டிலப்பம். பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் குவித்து வைத்தார்கள். அதற்கு சஹன் என்று பெயர். ஒரு சஹனைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட வேண்டும். அடுத்தவர் இலையில் கைபட்டாலே எழுந்துவிடுகிற ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள். கொஞ்சம் தயங்கி நின்றோம். "வாங்க, உட்காருங்க, பசியோட இருக்காதீங்க" என்று மரைக்காயர் எங்களைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். ஒவ்வொரு சஹனிலும் அவர்கள் இரண்டு பேர், நாங்கள் இரண்டு பேர்.

என் எதிரே அந்த ரைட் அவுட் உட்கார்ந்தான். பெயர் அந்துவான். கறித்துண்டுகளை என் பக்கமாக ஒதுக்கி வைத்துக்கொண்டே பேசினான். அவன் தகப்பனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து இறந்தவர். அம்மாவுக்குப் பென்ஷன் வருகிறது. குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை, அக்கா கல்யாணமாகிப் பிரான்சில் இருக்கிறாள். ஏப்ரலில் பரீட்சை எழுதிவிட்டு அவனும் போகிறான். முதலில் பட்டாளத்தில் ஒரு வருஷம் கட்டாயச் சேவை. அது முடிந்ததும் அக்கா ஊருக்குப் பக்கத்திலேயே சம்பளத்துக்கு ஆடுகிற கிளப் ஒன்று இருக்கிறதாம், அங்கே போய் நிற்கப் போகிறேன் என்றான். அந்தக் கிளப் பட்டியலில் கடைசி இடம் என்று அக்கா எழுதியிருந்தாளாம்.

"அண்ணே, நீங்க சம்பளத்துக்கு ஆடுறவங்க, உங்களுக்குத் தெரியும். எங்க காலேஜ் டீம் அப்படியே அங்க போய் எறங்கினா, அந்தக் கடைசி டீமை ஜெயிச்சுடுமா?"

அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. அவர்கள் விடுதியில் இதைப் பற்றி மாதக்கணக்கில் சண்டை நடக்கிறது என்று பக்கத்திலிருந்தவன் சொன்னான். சிலர் ஜெயிக்கலாம் என்கிறார்கள், சிலர் பத்துக் கோல் வாங்குவோம் என்கிறார்கள். எங்களை அழைத்ததே அதற்காகத்தான். சம்பளத்துக்கு ஆடுகிறவர்களில் அவர்களுக்குக் கிடைத்த கடைசி இடத்து டீம் நாங்கள்.

நாளைக்கு எங்களை ஜெயித்துவிட்டுக் கேளுங்கள் தம்பி என்றேன். அவன் சிரித்தான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஆட்டம். கோவில்பத்திலிருந்தும் குரும்பகரத்திலிருந்தும் சைக்கிளிலும் மாட்டுவண்டியிலும் வந்து மைதானத்துக் கயிற்றைச் சுற்றி நின்றார்கள். கடல் காற்று ஒரே பக்கமாக அடித்தது. டீக்கடையில் பார்த்த உயரமான சொல்தா கறுப்புச் சட்டையில் நேராக நின்று விசில் ஊதினார்.

முதல் பாதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் பந்தே கிடைக்கவில்லை. அந்துவான் என்னை மூன்று முறை தாண்டினான். முதல் முறை தாண்டியபோது கோல். இரண்டாம் முறை பழனியண்ணன் விழுந்து தடுத்தார். மூன்றாம் முறை அவன் தானே அடிக்காமல் நடுவில் நின்றவனுக்குத் தள்ளினான், அதுவும் கோல். இத்தனைக்கும் நான் தப்பாக எதுவும் செய்யவில்லை. எட்டு வருஷம் கற்றதையெல்லாம் சரியாகச் செய்தேன், அவன் போய்விட்டான்.

ஹாஃப் டைமில் ராமநாதன் எங்கள் பக்கம் வரவில்லை. தூரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்த தாளில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பழனியண்ணனுக்கு மூச்சு இழுத்தது. காற்றில் மணல் அதிகம் என்றார். யாருக்கும் தைரியம் சொல்லவில்லை. காற்று இப்போது நமக்குச் சாதகம், பந்தை உயரத் தூக்கி அடியுங்கள், அவுட் போனால் மெதுவாக எடுங்கள், ஆளை உரசிக்கொண்டே நில்லுங்கள் என்றார்.

அப்படியே செய்தோம். பார்க்க அழகான ஆட்டம் இல்லை அது. சட்டையைப் பிடித்தோம், ரெஃப்ரி திரும்பியபோது முழங்கையைக் கொடுத்தோம். கார்னரில் அவர்கள் பையன்களின் காலை மிதித்துக்கொண்டு நின்றோம். இதெல்லாம் கல்லூரியில் யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரு கார்னரில் எங்கள் சென்டர் ஹாஃப் தலையால் இடித்து ஒரு கோல். அடுத்து எங்கள் ஆள் ஒருவன் பெனால்டி ஏரியாவில் தானாக விழுந்தான், ரெஃப்ரி நம்பிவிட்டார். இரண்டுக்கு இரண்டு.

ஏழெட்டு நிமிஷம் மிச்சம் இருக்கும்போது நடந்ததை நான் இத்தனை வருஷமாக யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. நடுக்கோட்டுக்கு அருகே அந்துவானுக்குப் பந்து கிடைத்தது. எங்கள் ஆட்கள் எல்லோரும் முன்னால் போயிருந்தார்கள். அவனுக்கு எதிரே நான், எனக்குப் பின்னால் பழனியண்ணன். அவன் வலது தோளை இறக்கினான். இடது பக்கம் போகப் போகிறான் என்று தெரிந்தது. தெரிந்தும் பிடிக்க முடியாது என்றும் தெரிந்தது. திரும்பி ஒருமுறை பார்த்தேன். பழனியண்ணன் கோல் வாயில் முழங்காலில் கைகளை ஊன்றி, குனிந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். எனக்கு ப்ளோ ரூம் நினைவு வந்தது. நான் பந்தை விட்டுவிட்டு அவன் முழங்காலைப் பார்த்து விழுந்தேன்.

சத்தம் எனக்குக் கேட்டது. அவன் கத்தவில்லை.

ரெஃப்ரி ஃப்ரீ கிக் கொடுத்தார். என்னை வெளியே அனுப்பவில்லை. அவனை ஒரு பெஞ்சில் கிடத்தித் தூக்கிக்கொண்டு போனார்கள். பதிலுக்கு வேறொருவன் வந்தான். ஆனால் அவர்களில் மற்ற பத்துப் பேரும் பெஞ்சு போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி நிமிஷத்தில் காற்றோடு போன ஒரு நீளப் பந்தை அவர்கள் கோல்கீப்பர் தவறவிட்டான். மூன்றுக்கு இரண்டு. எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கயிற்றுக்கு அப்பால் நின்றவர்கள் கைதட்டவில்லை, திட்டவும் இல்லை. கலைந்து போனார்கள்.

ரெஃப்ரி தன் நண்பரிடம் பிரெஞ்சில் ஏதோ சொல்லிக்கொண்டு என்னைக் கடந்து போனார். பக்கத்திலிருந்த கல்லூரி பி.டி. சாரிடம் அர்த்தம் கேட்டேன். வேண்டாங்க என்றார். சொல்லுங்கள் என்று நின்றேன்.

"'அவன் பந்தைப் பாக்கவே இல்ல. நான் வெளியே அனுப்பியிருக்கணும், மனசு வரல'ன்னு சொல்றாரு."

நான்காம் நாள் காலை, வேன் கிளம்புவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பழனியண்ணன் தானும் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். வழியில் எதையாவது வாங்கிக்கொள்ளத் தோன்றி, எதை வாங்கினாலும் கேவலம் என்று பட்டு, வெறுங்கையோடு போனேன்.

அந்துவானின் வலது கால் தொடைவரை மாவுக்கட்டில் இருந்தது. கட்டிலருகே அவன் அம்மா உட்கார்ந்து அவனுக்கு இடியாப்பம் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மில் டீமிலிருந்து வருகிறேன் என்றதும் எழுந்து ஸ்டூலை எனக்கு நகர்த்திப் போட்டார். இவ்வளவு தூரம் வந்து பார்க்கிறீங்களே என்றார். இதைச் செய்தவன் நான்தான் என்று சொன்னேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

மன்னிப்புக் கேட்கத்தான் கட்டிலருகே போய் நின்றேன். அதற்குள் அவன் பேசினான். மருந்து மயக்கத்தில் குரல் தாழ்ந்திருந்தது.

"அண்ணே, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க விழலன்னா நான் தாண்டியிருப்பேனா?"

"தாண்டியிருப்பீங்க தம்பி."

"கோல்?"

"கோல்தான். நீங்க ஜெயிச்சிருப்பீங்க."

அவன் தலையாட்டினான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். வெளியே வந்தேன். வராந்தாவில் அவன் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றார். நான் கும்பிட்டதை அவர் பார்த்திருக்க மாட்டார்.

திரும்பும் வழியில் வேன் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. ராமநாதன் ரிப்போர்ட்டில் என்ன எழுதப் போகிறார் என்று யாரோ கேட்டார்கள். ஜெயித்தோம் என்றுதான் எழுதப் போகிறேன், மேனேஜர் கேட்டது அதுதானே என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பழனியண்ணன் ஊர் வரும்வரை கண்ணை மூடியே இருந்தார். தூங்கவில்லை என்று மூச்சிலேயே தெரிந்தது.

அடுத்த வாரம் மில் நோட்டீஸ் பலகையில் டைப் அடித்த தாள் ஒன்று ஒட்டியிருந்தது. பல்கலைக்கழகச் சாம்பியன் அணியை மூன்றுக்கு இரண்டு என்று வென்றதற்கு நிர்வாகத்தின் பாராட்டு. கீழே, இரண்டாம் பாதியில் சிறப்பாகத் தடுத்து ஆடியவர் என்று என் பெயர். டீம் பிழைத்தது. பழனியண்ணன் மிஷினுக்குப் போகவில்லை. பந்துக் கிளார்க் என்று கூப்பிட்டவர்கள்கூட அந்த மாதம் கைகொடுத்தார்கள். கிடங்குக்குப் பின்வாசல் வழியாகப் போகப் பழகிக்கொண்டேன்.

ஆவணியில் பி.டி. சாரிடமிருந்து கடிதம் வந்தது. நான்தான் பையன் எப்படி இருக்கிறான் என்று இரண்டு முறை எழுதிக் கேட்டிருந்தேன். அந்துவான் பரீட்சை எழுதித் தேறிவிட்டான், பிரான்சுக்கும் போய்விட்டான் என்று எழுதியிருந்தார். பட்டாளத்து டாக்டர்கள் முழங்காலைப் பார்த்துத் தள்ளிவிட்டார்களாம். அக்கா வீட்டுக்காரர் வேலை பார்க்கிற தொழிற்சாலையில் சேர்ந்திருக்கிறான், நடக்கிறான், ஓடுவதில்லை. விடுதிப் பையன்களுக்குள் அந்தச் சண்டை இப்போது ஓய்ந்துவிட்டது, கடைசி இடத்து மில் டீமிடமே தோற்ற நாம் எங்கே என்று முடிவு கட்டிவிட்டார்கள் என்று கடைசியில் இருந்தது. அவர் குறையாக எழுதவில்லை.

அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். அந்த ஆட்டத்தில் உங்கள் பிள்ளைகள்தான் நல்ல அணி. ஒழுங்காக ஆடியிருந்தால் நாங்கள் தோற்றிருப்போம். அந்துவான் என்னைத் தாண்டிவிடுவான் என்று தெரிந்தேதான் நான் அவன் காலில் விழுந்தேன், இதை விடுதியில் படித்துக் காட்டுங்கள். இவ்வளவுதான் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். ஒட்டுவதற்கு முன் பழனியண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இது எப்படியாவது சுற்றி மேனேஜர் கைக்கு வந்தால் டீம் இருக்காது. என்னைவிட அதிகமாக இழக்கப் போவது அவர்தான் என்பதால், கிழித்துப் போட்டாலும் ஒன்றும் சொல்வதில்லை என்று தீர்மானித்திருந்தேன்.

அவர் கிடங்கு வாசல் வெளிச்சத்துக்குப் போய் நின்று படித்தார். மெதுவாகப் படிப்பவர். படித்து முடித்ததும் பேனா கேட்டார். என் கையெழுத்துக்குக் கீழே தன் பெயரை எழுதினார். அதற்குப் பக்கத்தில் கேப்டன் என்று எழுதி, மை காயும்வரை தாளைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.